வீட்டில் குடிக்க நல்ல தேயிலை: முதலில் பாலைப் பற்றி முடிவு செய்யுங்கள்

4 மார்ச், காலை (பட்டர்வொர்த் வாசகரின் கேள்வி)

பேரங்காடியில் தேயிலை அடுக்குக்கு முன்னால் நின்றால் தலை சுற்றுகிறது. ஒரே எடையுள்ள இரண்டு பொட்டலங்களுக்கு இடையே விலை ஐந்து மடங்கு வேறுபடுகிறது. விலை கூடினால் தரமும் கூடும் என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். அவரை நம்பி வாங்கிய பச்சைத் தேயிலை வேப்பிலைக் கஷாயம்போல் கசந்தது. அம்மாவுக்குப் பால் தேநீர் இல்லாமல் பொழுது விடியாது. எனக்கோ சர்க்கரையையும் டின்பாலையும் குறைக்கச் சொல்லி மருத்துவர் கண்டித்திருக்கிறார். எங்கள் இருவருக்கும் பொருந்தும் ஒரு நல்ல கறுப்புத் தேயிலையும், கசக்காத ஒரு பச்சைத் தேயிலையும் யாராவது சொல்ல முடியுமா ஐயா?

4 மார்ச், இரவு

இருவருக்கும் பொருந்தும் ஒரே கறுப்புத் தேயிலையைத் தேடுவதை முதலில் நிறுத்திவிடுங்கள். பால் சேர்க்கப் போகிறோமா இல்லையா என்பதுதான் தேயிலை வாங்குவதில் முதல் முடிவு; தோட்டம், நாடு, விலை எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. பாலில் உள்ள புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்வதால், பால் ஊற்றிய பிறகும் நாக்கில் நிற்கக்கூடிய திடமும் நிறமும் அந்தத் தேயிலைக்கு இருக்க வேண்டும். 1930-களில் அசாமில் உருவான சி.டி.சி. முறை, கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் சிறு உருண்டைகளாக்குவது, அந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில், இழுத்து ஆற்றும் பால் தேநீரான தே தாரிக்குக்குப் பயன்படும் தூளை மட்டமானது என்று இகழ்பவர்கள், அதே கடையில் டார்ஜிலிங் இலையைப் போட்டு டின்பால் ஊற்றித் தரச் சொல்லிக் குடித்துப் பார்க்க வேண்டும். காசைக் கொடுத்து வெந்நீரும் பாலும் வாங்கியதுபோல்தான் ஆகும்.

ஆகவே அம்மாவுக்கு ஒரு டின், உங்களுக்கு ஒரு டின். அம்மாவுக்குத் தூளோ சி.டி.சி. உருண்டையோ போதும். உங்களுக்கு முறுக்கிய இலை வேண்டும்.

5 மார்ச்

பொட்டலத்தில் பி.ஓ.பி., ஓ.பி., பி.ஓ.பி.எஃப். என்று அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் பற்றி ஈப்போவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவை முதன்மையாக இலையின் அளவைக் குறிக்கும் எழுத்துகள். ஓ.பி. நீண்ட இலை, பி.ஓ.பி. உடைந்த இலை, எஃப். சேர்ந்தால் இன்னும் சிறியது. டஸ்ட் என்றால் தூள். சல்லடையில் பிரித்ததன் விவரம்தான் அது. மட்டமான தோட்டத்தின் நீண்ட இலையைவிட நல்ல தோட்டத்தின் உடைந்த இலை எவ்வளவோ மேல். துண்டு சிறியதாக ஆக நிறமும் திடமும் விரைவாக இறங்கும். மணத்தின் நுட்பம் அதே வேகத்தில் மறையும். பாலில்லாமல் குடிக்கப் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பி.ஓ.பி. அளவையே சொல்வேன். ஏனென்றால், பாலில்லாத கடைத் தேநீரான தே ஓ குடித்துப் பழகிய நாக்குக்கு முழு இலையின் மென்மை முதலில் ஏமாற்றமாகத் தெரியும்.

7 மார்ச்

உள்ளூர்த் தேயிலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று ஒரு வாசகர் எழுதிய மனக்குறை நியாயமானது. கேமரன் மலையில் ‘போ’ நிறுவனம் 1929-இல் தொடங்கியது. பாரத் தேயிலை சில ஆண்டுகள் கழித்து வந்தது. அந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள் என்பதால், அந்தப் பொட்டலத்தைக் கையில் எடுக்கும்போது நடுநிலையோடு பேசுவது எனக்குக் கொஞ்சம் கடினம். அதை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னாலும், பாலுக்கு வாங்குவதானால் வெளிநாட்டுப் பெயர்களைத் துரத்த வேண்டியதில்லை. பூமத்திய ரேகைக்கு அருகில் குளிர்கால ஓய்வு இல்லாததால் அங்கே ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கிறார்கள். மலையிலிருந்து கோலாலம்பூர் கடைக்குத் தேயிலை வர ஒரு நாள் பயணம் போதும். புதுமை என்ற ஒரே கணக்கில், கப்பலில் வந்து கிடங்கில் கிடக்கும் சரக்கைவிட இது முன்னால் நிற்கிறது.

அதே காரணத்தால், வசந்தக் கொழுந்து, கோடைக் கொழுந்து என்று பருவத்துக்கு ஒரு மணம் மாறுவதை இதில் எதிர்பார்க்கவும் கூடாது. பாலில்லாமல் குடிக்க விரும்புபவர்கள் அந்தத் தோட்டங்களின் இலைத் தேயிலையை, பை போடாத டின்னாகப் பார்த்து வாங்கலாம். சுத்தமான, நேரான சுவை. வியக்க வைக்காது, முகம் சுளிக்கவும் வைக்காது.

7 மார்ச், சற்று நேரம் கழித்து

மூணாறிலிருந்து உறவினர் கொண்டுவந்த பொட்டலம் வீட்டில் இருக்கிறதே, அதைக் குடிக்கலாமா என்று கேட்டவருக்கு: எந்த ஆண்டு வந்த உறவினர் என்பதைச் சொல்லுங்கள்.

10 மார்ச்

இலங்கைத் தேயிலை. பினாங்கு லெபோ பசார் கடைகளிலும் கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பக்கத்திலும் ‘சிலோன் டீ’ என்று எழுதிய பொட்டலங்கள் குவிந்து கிடக்கின்றன. வாளேந்திய சிங்கத்தின் முத்திரை பொட்டலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முழுக்க இலங்கையில் விளைந்து, இலங்கையிலேயே பொதியப்பட்ட தேயிலைக்குத்தான் இலங்கைத் தேயிலைச் சபை அந்த முத்திரையை அனுமதிக்கிறது. முத்திரை இருப்பதாலேயே சுவை உயர்ந்துவிடாது. வேறு நாட்டுத் தேயிலை கலக்கவில்லை என்ற உறுதி கிடைக்கும்.

அடுத்து உயரம். சுமார் 1,200 மீட்டருக்கு மேல் விளைவதை அங்கே உயர்நிலத் தேயிலை என்கிறார்கள். நுவரெலியா இலை வெளிர் நிறத்தில் மெல்லிய பூ மணத்தோடு இருக்கும். திம்புல்ல இலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்கள் நல்ல பருவம். ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை. அந்தப் பருவத்து ஊவாவில் புதினாவை நினைவூட்டும் ஒரு குளிர்ச்சி இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான். தாழ்நிலத்துத் தென்பகுதி இலை கறுத்து, திடமாக, கொஞ்சம் பால் ஊற்றினாலும் தாங்கும். பொட்டலத்தில் ‘சிலோன்’ என்ற ஒரு சொல்லைத் தவிர வட்டாரப் பெயர் எதுவும் இல்லையென்றால் அது பல வட்டாரங்களின் கலவை என்று எடுத்துக்கொள்ளலாம். கலவை குற்றமல்ல, ஆனால் அதற்கு ஒற்றைத் தோட்டத்தின் விலையைக் கொடுக்காதீர்கள்.

14 மார்ச்

டார்ஜிலிங் வாங்கிய நண்பர் ஒருவர், கறுப்புத் தேயிலை என்று சொல்லி விற்றுவிட்டு உள்ளே பச்சை இலையைப் போட்டிருக்கிறார்கள் என்று கோபமாக எழுதியிருக்கிறார். அவர் வாங்கியது முதல் பறிப்பாக இருந்தால் கடைக்காரர்மேல் தவறில்லை. மார்ச், ஏப்ரலில் பறிக்கும் அந்தக் கொழுந்தை மிகக் கடுமையாக வாடவிடுவதால் அது முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை, அதாவது காற்றுப் பட்டு முழுதாகக் கறுப்பதில்லை. இலையில் பச்சை தெரியும், சாறும் வெளிறிய பொன்னிறமாகவே இறங்கும். மே, ஜூனில் வரும் இரண்டாம் பறிப்புதான் செம்பழுப்பு நிறமும், மஸ்கடெல் என்று புகழப்படும் திராட்சை மணமும் கொண்டது. கறுப்புத் தேயிலையின் சுவையை எதிர்பார்த்து வாங்குபவர் இரண்டாம் பறிப்பைக் கேட்பது நல்லது. முதல் பறிப்புக்குக் கொதித்து அடங்கிய நீர் வேண்டும். 90 பாகைக்குக் கீழே, இரண்டரை அல்லது மூன்று நிமிடம்.

டார்ஜிலிங் 2004-இல் இந்தியாவின் முதல் புவிசார் குறியீட்டைப் பெற்ற பொருள். பெயரைத் திருடுபவர்கள் அதிகம் இருந்ததால்தான் அந்தப் பாதுகாப்பு தேவைப்பட்டது. தோட்டத்தின் பெயரும் பறிப்பும் ஆண்டும் அச்சிடாத ‘டார்ஜிலிங்’ பொட்டலத்தை நான் தொடுவதில்லை.

அசாம் இரண்டாம் பறிப்பு, பொன்னிற மொட்டு கலந்த முறுக்கிய இலையாகக் கிடைத்தால், பாலோடும் நன்றாக இருக்கும், பாலில்லாமலும் நன்றாக இருக்கும். முதல் நாள் நான் இரண்டு டின் என்று பிடிவாதமாகச் சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. விலையைப் பார்த்தால் அம்மாவே வேண்டாம் என்பார்.

நீலகிரியை விட்டுவிட்டேன் என்று குன்னூர்க்காரர்கள் சண்டைக்கு வருமுன் ஒரு வார்த்தை: டிசம்பர், ஜனவரிப் பனிக்காலத்து நீலகிரி இலையின் மணத்துக்கு ஈடு குறைவு. இன்னொரு பயனும் உண்டு. பல தேயிலைகள் ஆறும்போது கலங்கிப்போகும். நீலகிரி பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். வீட்டில் தே ஓ ஐஸ் லிமாவ் (எலுமிச்சை பிழிந்த பாலில்லாத ஐஸ் தேநீர்) போடுபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

18 மார்ச்

இப்போது அந்தக் கசந்த பச்சைத் தேயிலை. கேள்வி கேட்டவர் இன்று படம் அனுப்பியிருக்கிறார்: ஜப்பானிய செஞ்சா, நல்ல இலை, குமிழி விட்டுக் கொதிக்கும் நீர், பத்து நிமிடம் மூடி வைத்த குவளை. இலையின்மேல் பழியைப் போடாதீர்கள். பச்சைத் தேயிலையில் இனிப்பும் உமாமி என்ற நாவூறும் சுவையும் தரும் அமினோ அமிலங்கள் மிதமான சூட்டிலேயே நன்றாகக் கரைந்துவிடும். கசப்பும் துவர்ப்பும் தரும் பொருள்கள் சூடு ஏற ஏறக் கூடுதலாக இறங்கும். செஞ்சாவுக்கு 70 முதல் 75 பாகை, ஒரு நிமிடம் போதும். சீனத்து லோங்ஜிங் போன்றவற்றுக்கு 80 பாகையும் இரண்டு நிமிடமும் சரி.

வெப்பமானி வேண்டாம். நம் ஊரில் அறைச் சூட்டில் உள்ள நீர் ஏறக்குறைய 28 பாகை. மூன்று பங்கு கொதிநீரில் ஒரு பங்கு ஆறிய நீரைக் கலந்தால் 82 வரும். இரண்டுக்கு ஒன்று கலந்தால் 76. குவளையும் கொஞ்சம் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் முதல் கலவை லோங்ஜிங்குக்கும் இரண்டாவது செஞ்சாவுக்கும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. குளிர்நாட்டுப் புத்தகங்களில் உள்ள கலவைக் கணக்கு இங்கே சரிவராது. அவர்களுடைய குழாய் நீர் சில்லென்று இருக்கும்.

பறித்த கொழுந்து கறுக்காமல் தடுக்க ஜப்பானியர் பெரும்பாலும் ஆவியில் வேகவைக்கிறார்கள். சீனர் பெரும்பாலும் சூடான வாணலியில் வறுக்கிறார்கள். ஆவி காட்டியதில் பசுமையும் கடற்பாசி வாசனையும் நிற்கும். வறுத்ததில் வறுகடலை மணம் வரும். கசப்புக்கு அஞ்சுபவர் வறுத்ததிலிருந்து தொடங்கலாம். நம் சமையலுக்குப் பழகிய மூக்குக்கு அதுவே நெருக்கம் என்பது என் கட்சி.

19 மார்ச்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்கிறார்: தேயிலைச் சுவைஞர்கள் எல்லாத் தேயிலைக்கும் கொதிநீரைத்தானே ஊற்றுகிறார்கள்? உண்மை. ஐ.எஸ்.ஓ. 3103 என்ற பன்னாட்டுத் தரமுறையின்படி 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் இலை, ஆறு நிமிடம். சுவைத்து மகிழ்வதற்காக வகுத்த முறை அல்ல அது. எல்லாச் சரக்கையும் ஒரே அளவுகோலில் நிறுத்தி ஒப்பிடுவதற்கு. கொதிநீர் இலையின் குறைகளையும் ஒளிக்காமல் காட்டிவிடும்.

ஆகவே நேற்றைய அறிவுரையோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய பச்சைத் தேயிலை வாங்கி வந்ததும் ஒரே ஒரு முறை அதைக் கொதிநீரில் வதைத்துப் பாருங்கள். நல்ல இலையும் கசக்கும். ஆனால் விழுங்கிய பிறகு தொண்டையில் ஓர் இனிப்பு திரும்பி வரும். மட்டமான இலையில் கசப்பு வரும், கசப்பே நிற்கும். மறுநாளிலிருந்து மென்மையாக நடத்துங்கள்.

24 மார்ச்

பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கத்துச் சீனத் தேயிலைக் கடைகளுக்குள் நுழைய நம்மவர்கள் பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. பல கடைகளில் உட்கார வைத்து, சிறு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்த பிறகே விலை பேசுவார்கள். பேரங்காடிப் பொட்டலத்துக்கு இல்லாத வசதி அது. பழைய நாள் எங்கள் மளிகைக் கடைக்காரரும் அரிசியைக் கையில் கொடுத்துக் கடித்துப் பார்க்கச் சொல்வார். உலர்ந்த இலையைக் கேட்டுப் பாருங்கள்: ஒரே அளவு, ஒரே நிறம், அடியில் தூள் குறைவு. ஊறிய இலையையும் கேட்டுப் பாருங்கள். அதில்தான் உண்மை வெளிப்படும். மொட்டும் இளம் இலையும் முழுதாக விரிந்தால் கவனமாகப் பறித்தது; காம்பும் முற்றிய துண்டுகளுமாக இருந்தால் பொட்டலத்தின் தங்க எழுத்தை மறந்துவிடுங்கள்.

லோங்ஜிங் கேட்டால் எந்த ஆண்டு என்று கேளுங்கள். ஏப்ரல் 5 வாக்கில் வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்தது மிக மென்மையானது, விலையும் மிக அதிகம். அதற்குப் பின் சில வாரங்களில் பறித்ததே வீட்டுக்குப் போதும். சுவை இன்னும் கொஞ்சம் திடமாகவும் இருக்கும்.

அந்தக் கடைகளில் மூங்கில் கூடையில் கறுகறுவென்று ஒன்று இருக்கும்: தென்சீனத்துக் குவாங்சியின் லியூபாவ். பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கு வெள்ளீயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் குடித்தது. ஈரத்தில் குவித்துப் புளிக்க வைத்து, ஆண்டுக்கணக்கில் முதிரவிடும் தேயிலை. நான் இதுவரை ‘புதியது, புதியது’ என்று சொல்லிவந்த விதி இதற்குப் பொருந்தாது, பழையதற்கே விலை. ஆனால் நீங்கள் கேட்ட கறுப்பும் பச்சையும் இந்த வகையில் சேரா. இரண்டு ஆண்டு கிடந்த லோங்ஜிங்கை ‘முதிர்ந்தது’ என்று யாராவது விற்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

25 மார்ச்

மல்லிகைத் தேயிலை: பூவின் மணத்தை இலைக்கு ஏற்றிப் பூவைப் பிரித்துவிடுவது பழைய முறை, நல்லதில் உலர்ந்த பூ அதிகம் இருக்காது. ஸ்ட்ராபெரி, மாம்பழ மணங்கள்: இலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லாதபோது மணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

2 ஏப்ரல்

வாங்குவதைப் பற்றி இவ்வளவு எழுதியும், நம் ஊரில் தேயிலையைக் கெடுப்பது பெரும்பாலும் கடை அல்ல, சமையலறை என்பதை இன்னும் சொல்லவில்லை. உலர்த்தி முடிந்த தேயிலையில் ஈரப்பதம் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் ஆண்டு முழுவதும் ஈரமான காற்று. பொட்டலத்தைப் பிரித்து, ரப்பர் வளையம் போட்டு வைக்கும் வழக்கம், குளிர்ந்த வறண்ட நாட்டில் சில மாதம் தாங்கலாம். இங்கே சில வாரங்களில் இலை தளர்ந்து, மணம் போய், அட்டைப்பெட்டி வாசனை வந்துவிடும். விரலிடையே வைத்து நசுக்கினால் இலை ‘டக்’கென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது.

கண்ணாடிப் புட்டி அழகுக்குச் சரி, தேயிலைக்கு ஆகாது. வெளிச்சம் பச்சைத் தேயிலையை வேகமாகக் கெடுக்கும். இரட்டை மூடியுள்ள தகர டின் வாங்குங்கள். டின்னை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மசாலா அலமாரியில் வைக்கவே வைக்காதீர்கள். தேயிலை எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். மல்லிகைத் தேயிலை செய்ய முடிவதே அந்தக் குணத்தால்தான். நண்பர் வீட்டில் ஒரு முறை பெருங்காயத் தேநீர் குடித்தேன். அவர் அதைச் செரிமானத்துக்கு நல்லது என்று சமாளித்தார்.

குளிர்பெட்டியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பிரிக்காத பச்சைத் தேயிலைப் பொட்டலத்தை வைக்கலாம். எடுத்த பிறகு அறைச் சூட்டுக்கு வரும்வரை, ஒரு இரவு முழுவதும்கூட, பிரிக்காமல் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த இலைமேல் வியர்த்துவிடும். பிரித்த பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப உள்ளே வைத்து எடுப்பதைவிட, 50 கிராம் வாங்கி விரைவாகக் குடித்து முடிப்பதே புத்திசாலித்தனம். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற அறிவிப்பு பால்மாவுக்கு நல்லது.

6 ஏப்ரல்

விலையைக் கோப்பைக்கு இவ்வளவு என்று கணக்கிடுங்கள். ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்றால் 100 கிராமில் 50 கோப்பை. நூறு கிராம் 60 ரிங்கிட் என்று கேட்டால் நெஞ்சு அடைக்கிறது. கோப்பைக்கு ஒரு ரிங்கிட் இருபது சென் என்றால் மாமாக் கடைக் கணக்கைவிடக் குறைவு. நல்ல பச்சை இலை இரண்டாவது, மூன்றாவது ஊற்றுக்கும் சுவை தரும் என்பதால் உண்மைக் கணக்கு இன்னும் குறையும். தூள் ஒரே ஊற்றில் எல்லாவற்றையும் கொடுத்துவிடும்.

இந்தக் கணக்கைக் காட்டி நான் வீட்டில் அனுமதி வாங்கிய தேயிலைகள் பல.

11 ஏப்ரல்

பைத் தேயிலை கூடாதா என்று அலுவலகத்தில் குடிப்பவர்கள் கேட்கிறார்கள். அவசரத்துக்குத் தாராளமாகக் குடிக்கலாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் தூளும் சிறு துண்டும் என்பதால் பாலுக்குச் சரியாகவே இருக்கும். பட்டுபோல் மின்னும் முக்கோணப் பைகளில் சில நைலான் போன்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அத்தகைய பைகளைக் கொதிநிலையை ஒட்டிய நீரில் ஊறவைத்தால் நுண்பிளாஸ்டிக் துகள்கள் பெருமளவில் பிரிகின்றன என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வு 2019-இல் காட்டியது. காகிதப் பையோ, அதைவிட எஃகு வடிகட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பொட்டலமில்லாமல் நிறுத்து விற்கும் தூளில் சாயம் கலந்திருக்குமோ என்ற ஐயத்துக்கு எளிய சோதனை உண்டு. வடிதாளிலோ வெள்ளை டிஷ்யூ தாளிலோ தூளைப் பரப்பிச் சில துளி நீர் தெளித்து, தூளைத் தட்டிவிட்டுப் பாருங்கள். சாயம் கலந்திருந்தால் தாளில் அடர்ந்த நிறக் கோடுகள் தெரியும். அச்சமின்றிக் குடிக்க ஆகும் செலவு ஒரு தாள்.

20 ஏப்ரல்

பட்டர்வொர்த் நண்பர் அம்மாவுக்குக் கேமரன் மலைத் தூளும் தனக்கு நுவரெலியா பி.ஓ.பி.யும் வாங்கிவிட்டார், பச்சைத் தேயிலைக்கு எப்போது போவது என்று கேட்கிறார். இப்போது கடையில் இருக்கும் லோங்ஜிங் சென்ற ஆண்டுச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். மே பிற்பாதியில் போனால் புதிய பறிப்பு வந்திருக்கும். ஜப்பானில் முதல் பறிப்பு ஏப்ரல் இறுதியிலும் மேயிலும் நடப்பதால் புதிய செஞ்சாவை ஜூனுக்குப் பிறகு கேட்கலாம். டார்ஜிலிங் இரண்டாம் பறிப்பையும் அசாமையும் ஆகஸ்ட், செப்டம்பரில் தேடலாம். நான் காத்திருக்கும் ஊவா அக்டோபர் வாக்கில் வரும். அதற்குள் டின்னைக் கழுவிக் காயவைத்துவிடுங்கள். சவர்க்கார வாசனை போக ஒரு வாரமாவது ஆகும்.